போதையை விட்டால் பரிசு தரும் சிகிச்சை என்றால் என்ன?

போதைப்பொருள் தொடவில்லை என்று சிறுநீர்ப் பரிசோதனையில் தெரிந்ததும் கையோடு ஒரு பரிசுச் சீட்டு (லாட்டரி அல்ல, அதன் மதிப்புக்குப் பொருள் வாங்கிக்கொள்ளலாம்), அவ்வளவுதான். அமெரிக்காவின் வெர்மான்ட் பல்கலைக்கழக மனநல மருத்துவப் பேராசிரியர் ஸ்டீபன் ஹிக்கின்ஸ் 1990களின் தொடக்கத்தில் கோகெய்னுக்கு அடிமையானவர்களிடம் இதைச் சோதித்தார்; தொடர்ந்து தேறினால் சீட்டின் மதிப்பு கூடும், ஒருமுறை தவறினால் ஆரம்பத் தொகைக்கே இறங்கிவிடும்.

ஏன் பலிக்கிறது? போதை தரும் சுகம் உடனே கிடைக்கிறது, விட்டால் வரும் நன்மையோ எங்கோ தள்ளி நிற்கிறது, மூளை கண்முன் இருப்பதைத்தான் பிடித்துக்கொள்ளும், அதனால் நல்லதையும் கண்முன் கொண்டுவந்து வைக்கிறார்கள். செல்போன் விளையாட்டில் தினமும் வந்தால் ஏறுகிற புள்ளிகள் ஒருநாள் விட்டால் பூஜ்ஜியமாகுமே, அதே தந்திரம் (இங்கே உருப்படியான காரியத்துக்கு). பரிசு நின்றதும் சிலர் வழுக்குவதுண்டு, ஆகவே ஆலோசனையும் கூடவே நடக்கும்.

அப்புறம், பரிசுக் காசிலேயே போதைப்பொருள் வாங்கிவிடுவார்களே என்று சிலர் கேட்கிறார்கள்: ஹிக்கின்ஸ் முறையில் ரொக்கம் தரவே இல்லை, கேட்ட பொருளை ஊழியர்களே வாங்கிக் கொடுத்தார்கள்.