அதிமதுரம் தினமும் ஒரு ஸ்பூன், பிரஷர் ஏறுமா?

கேள்வி: அம்மாவுக்கு 62 வயது, பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறார். விடாத வறட்டு இருமலுக்கு இரண்டு மாதமாக தினமும் ஒரு ஸ்பூன் அதிமதுரப் பொடியைத் தேனில் குழைத்துச் சாப்பிடுகிறார். இப்போது பிரஷர் 160க்குக் கீழே இறங்க மாட்டேன் என்கிறது, காலும் வீங்குகிறது. வெறும் வேர்தானே, இது இப்படிச் செய்யுமா?

பதில்: செய்யும். முதலில் பொடியை இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள்.

அதிமதுரத்தைக் கடித்தால் இனிப்பு மெதுவாக ஏறி வெகுநேரம் நாக்கிலேயே நிற்குமே, அதற்குக் காரணம் கிளிசரைசின். குடலில் உள்ள பாக்டீரியா அதை உடைத்து வேறொரு அமிலமாக்குகிறது, அந்த அமிலம் சிறுநீரகத்தில் கார்டிசால் ஹார்மோனை அடக்கி வைத்திருக்கும் என்சைமை முடக்கிவிடுகிறது. அடக்க ஆளில்லாத கார்டிசால், ஆல்டோஸ்டீரோன் என்ற இன்னொரு ஹார்மோனின் வேலையைத் தானே பார்க்க ஆரம்பித்து, உப்பையும் தண்ணீரையும் உடம்பில் தேக்கிவிட்டு பொட்டாசியத்தைச் சிறுநீரில் வெளியேற்றும். பிரஷரும் கால் வீக்கமும் இப்படி வருவதுதான்.

அளவையும் பாருங்கள். ஒரு ஸ்பூன் பொடி சுமார் 3 கிராம், அதில் நூற்றுக்கு 4 பங்கு என்று குறைத்துக் கணக்கிட்டாலும் 120 மில்லிகிராம் கிளிசரைசின். தினசரி 100 மில்லிகிராமைத் தாண்ட வேண்டாம் என்பது ஐரோப்பிய நிபுணர் குழுவின் பரிந்துரை, அதுவும் ஆரோக்கியமானவர்களுக்கு. தொண்டை கட்டினால் இரண்டு நாள் ஒரு துண்டை வாயில் அடக்கிக்கொள்கிற பாட்டுக்காரருக்கு இந்தக் கவலை வேண்டாம், அம்மாவின் கதை வேறு.

எனக்குப் பிரஷரைவிட பொட்டாசியம்தான் பயம். ரொம்பக் குறைந்தால் கை கால் துவளும், இதயத் துடிப்பு தாறுமாறாகும். மாத்திரை அட்டையில் ஹைட்ரோகுளோரோதயசைடு என்று இருக்கிறதா பாருங்கள், அதுவும் பொட்டாசியத்தை இறக்கும். படபடப்போ மயக்கமோ இருந்தால் இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இல்லையென்றாலும் ஓரிரு நாளில் டாக்டரைப் பார்த்து சோடியம், பொட்டாசியம், இ.சி.ஜி. மூன்றையும் பார்த்துவிடுங்கள். கால் வீக்கத்துக்கு வேறு காரணம் உண்டா என்பதையும் அவர் பார்ப்பார். பொடியை நிறுத்தியதும் மறுநாளே எல்லாம் சரியாகாது, சில வாரம் பிடிக்கலாம்.

இன்னொன்று, மாத்திரையின் பெயரை நீங்கள் எழுதவில்லை. எனலாப்ரில், ராமிப்ரில் என்று 'ப்ரில்'லில் முடிகிற மருந்தாக இருந்தால் அந்த வறட்டு இருமலே அதனால் வந்திருக்கலாம். நீங்களாக நிறுத்திவிடாமல் டாக்டரிடம் சொல்லுங்கள், மாற்று மாத்திரை இருக்கிறது.