ஓஇடி ரீடிங் பார்ட் ஏ-ல டைம் பத்தலன்னா எப்படி பிராக்டிஸ் பண்றது?

நர்ஸ், டாக்டர் மாதிரி ஹெல்த்கேர்ல இருக்கறவங்க வெளிநாட்டு வேலைக்காக எழுதுற இங்கிலீஷ் டெஸ்ட்தான் ஓஇடி. அதுல ரீடிங் பார்ட் ஏ-ன்னா ஒரே மருத்துவ விஷயத்தைப் பத்தி 4 குட்டி டெக்ஸ்ட், 20 கேள்வி, 15 நிமிஷம்தான், முடிஞ்சா திரும்பிப் பார்க்க முடியாது. வார்டுல அவசரத்துக்கு டோஸ் சார்ட்ல சரியான வரிய டக்குனு எடுக்கத் தெரியுதான்னு பார்க்கத்தான் இவ்ளோ கம்மி டைம்.

பஸ் ஸ்டாண்டுல நம்ம ஊர் பேரை மட்டும்தானே கண்ணு தேடும், எல்லா போர்டையுமா படிக்கிறோம், அப்படித்தான் இதையும் படிக்கணும். முதல்ல எந்த டெக்ஸ்ட்ல அறிகுறி, எதுல மருந்து அளவுன்னு மேலோட்டமா பாத்துட்டு கேள்விக்குப் போங்க, கேள்வில 'ஹை டெம்பரேச்சர்'னு இருக்கும், டெக்ஸ்ட்ல 'ஃபீவர்'னு இருக்கும், அதனால வார்த்தைகளை இப்படி ஜோடியா படிச்சு வைங்க, ஸ்பெல்லிங்கும் முக்கியம்ங்க.

பெரிய வொகாபுலரி லிஸ்ட்ட மனப்பாடம் பண்ணா பாஸ் ஆயிடலாம்னு நிறைய பேர் நம்புறாங்க, ஆனா பார்ட் ஏ-ல பதில் அந்த டெக்ஸ்ட்லயேதான் இருக்கு, கடிகாரம் வச்சு தேடிப் பழகாதவங்களுக்குத்தான் அது கண்ணுல படாம போகுது.