பாஸ்டன் செல்டிக்ஸ் கூடைப்பந்து அணியில் பாஸ் கொடுப்பதில் தலைசிறந்தவர்கள்: கேள்வி பதில்

கேள்வி: செல்டிக்ஸ் வரலாற்றில் பாஸ் கொடுப்பதில் முதலிடம் யாருக்கு?

பதில்: லாரி பேர்டுக்கு. அவர் பாயின்ட் கார்டு (பந்தைக் கொண்டுசென்று தாக்குதலை நடத்துபவர்) அல்லர். ஆறடி ஒன்பது அங்குல உயரமுள்ள ஃபார்வர்டு (முன்கள வீரர்). 1979 முதல் 1992 வரை ஆடி, ஆட்டத்துக்குச் சராசரியாக 6.3 அசிஸ்ட் (சக வீரர் புள்ளி எடுக்க வழிசெய்யும் பாஸ்) எடுத்தார். ஆனால் நான் அவரை முதலில் வைப்பது இந்த எண்ணுக்காக அன்று. பந்து கைக்கு வருமுன்பே அது அடுத்து யாரிடம் போக வேண்டும் என்பதை அவர் முடிவு செய்திருப்பார். 1987 மே 26 அன்று, டெட்ராய்ட் பிஸ்டன்ஸுடனான கிழக்குப் பிரிவு இறுதித் தொடரின் ஐந்தாம் ஆட்டத்தில், சில விநாடிகளே எஞ்சியிருந்தபோது செல்டிக்ஸ் 106-107 எனப் பின்தங்கியிருந்தது. பிஸ்டன்ஸ் வீரர் ஐசயா தாமஸ் எல்லைக்கோட்டிலிருந்து தம் அணியினருக்கு எறிந்த பந்தைப் பேர்டு பாய்ந்து பறித்தார். உடல் ஏறக்குறைய கோட்டுக்கு வெளியே சாய்ந்துகொண்டிருந்த அந்த நிலையிலும், கூடையை நோக்கி ஓடிவந்த தம் அணியின் டென்னிஸ் ஜான்சனைக் கண்டு அவரிடம் பந்தைச் சேர்த்தார். ஆட்டம் 108-107 என முடிந்தது. பந்தைப் பறித்ததையே பலரும் பேசுகிறார்கள். அதன்பின் தானே கூடைக்கு எறியாமல் ஜான்சனைத் தேடியதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

கேள்வி: அசிஸ்ட் பட்டியலில் முதலில் நிற்பவர் பாப் கூசி. அவரை எப்படி இரண்டாமிடத்துக்குத் தள்ளலாம்?

பதில்: செல்டிக்ஸுக்காக அவர் எடுத்த 6,945 அசிஸ்ட்டுகளை இன்றுவரை அந்த அணியில் எவரும் தாண்டவில்லை. 1953 முதல் 1960 வரை தொடர்ந்து எட்டுப் பருவங்கள் அசிஸ்ட்டில் என்.பி.ஏ. லீக்கிலேயே முதலிடம் பெற்றவர். 1959 பிப்ரவரி 27 அன்று மினியாபொலிஸ் லேக்கர்ஸை 173-139 என வென்ற ஆட்டத்தில் 28 அசிஸ்ட் எடுத்தார். லீக்கில் அந்தச் சாதனை 1978 வரை நின்றது. பார்வையை ஒரு பக்கம் வைத்து மறுபக்கம் பந்தைத் தருவதும் முதுகுக்குப் பின்னால் கைமாற்றுவதும் வேடிக்கை என்று கருதப்பட்ட காலத்தில், அவற்றை அணியின் தாக்குதலுக்கே அடிப்படையாக்கியவர் அவர். அவருக்கும் பேர்டுக்கும் இடையிலான தூரம் மிகக் குறைவு. இருப்பினும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: அசிஸ்ட் எண்ணிக்கையை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள்.

கேள்வி (மேற்படி கேட்டவருக்கு மற்றொருவரின் மறுப்பு): 1950-களில் போட்டியே இல்லை. பில் ரஸ்ஸல் ரீபவுண்டு (கூடையில் விழாமல் திரும்பும் பந்து) எடுத்துத் தந்ததால்தான் கூசிக்கு இத்தனை அசிஸ்ட்.

பதில்: இது தவறு. ரஸ்ஸல் அணிக்கு வந்தது 1956 டிசம்பரில். அதற்குமுன் நான்கு பருவங்களில் கூசி முதலிடம் பெற்றுவிட்டார். ரஸ்ஸலால் அணிக்குக் கிடைத்தவை சாம்பியன் பட்டங்கள். கூசியின் பாஸ் திறன் அவரால் வந்ததன்று. மேலும், பந்து கூடையில் விழுந்தால்தான் அதற்கு முந்தைய பாஸ் அசிஸ்ட் ஆகும். 1950-களின் பெரும்பகுதியில், நூறு எறிதல்களில் நாற்பதுக்கும் குறைவானவையே கூடையில் விழுந்தன; பேர்டின் காலத்தில் ஏறக்குறைய ஐம்பது விழுந்தன. பந்தைப் பெற்றவர் அதைத் தரையில் தட்டிச் சென்று எறிந்தால் அக்காலக் கணக்கர்கள் பெரும்பாலும் அசிஸ்ட் தரவும் மாட்டார்கள்.

அதே வாசகர் மீண்டும்: அப்படியானால் அக்காலத்து ஆட்ட வேகத்தை ஏன் சொல்லவில்லை?

பதில்: நியாயமான கேள்வி. 24 விநாடிக்குள் கூடைக்கு எறிந்தாக வேண்டும் என்ற விதி 1954-இல் வந்தபின் ஆட்டங்கள் மிக வேகமாயின. 1950-களின் இறுதியில் ஓர் அணி ஓர் ஆட்டத்தில் நூறு முறைக்கு மேல் எறிந்தது; எறிதல் கூடும்போது அசிஸ்ட் வாய்ப்பும் கூடும். அது கூசிக்குச் சாதகம், குறைந்த எறிதல் திறன் அவருக்குப் பாதகம். இரண்டையும் சேர்த்தே எடைபோட வேண்டும். உங்களுக்குப் பிடித்த ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வது ஆய்வாகாது.

கேள்வி: செல்டிக்ஸின் பாயின்ட் கார்டு ரஜான் ராண்டோ?

பதில்: என் கணக்கில் மூன்றாமவர். 2010 அக்டோபரில் நியூயார்க் நிக்ஸுக்கு எதிராக 24 அசிஸ்ட் எடுத்தார். 2011-12, 2012-13 பருவங்களில் லீக்கிலேயே அதிக சராசரி அவருடையது. தூரத்திலிருந்து அவர் எறிவது பலவீனம் என்பதால் எதிரணியினர் அவரை நெருங்காமல் பின்வாங்கி நின்று பாஸ் வழிகளை அடைத்தார்கள். அத்தனை பேர் அடைத்த பின்னும் அவர் வழி கண்டார் என்பதே அவருடைய பெருமை. பத்து அசிஸ்ட்டை எட்டுவதற்காகவே, தானே எளிதாகப் போடக்கூடிய பந்தையும் அவர் சில நேரம் பிறரிடம் தள்ளினார் என்ற குறையையும் நான் ஏற்கிறேன். எண்ணிக்கையைப் பற்றிய என் எச்சரிக்கை இங்கும் பொருந்தும்.

கேள்வி: மேஜிக் ஜான்சன் இவர்கள் எல்லாரையும்விடச் சிறந்தவர் அல்லவா?

பதில்: அவர் லேக்கர்ஸ் வீரர். இங்கே பேசுவது செல்டிக்ஸ்.

கேள்வி: செல்டிக்ஸில் அதிக அசிஸ்ட் யார்?

பதில்: மேலே சொல்லியாயிற்று. அடுத்தவர் 6,114 அசிஸ்ட் எடுத்த ஜான் ஹாவ்லிசெக்.

கேள்வி: என் மகள் பள்ளி அணியில் பாயின்ட் கார்டு. பாஸ் எப்படிப் பழக வேண்டும்?

பதில்: அவள் ஆடுவதை நேரில் பார்க்கும் பயிற்சியாளரிடம் கேளுங்கள்.

கேள்வி: சென்டர்களில் (கூடையருகே ஆடும் உயரமான வீரர்களில்) எவரும் இல்லையா?

பதில்: இதை யாராவது கேட்பார்களா என்று காத்திருந்தேன். ரஸ்ஸல் தாமே 4,100 அசிஸ்ட் எடுத்தவர். எதிரணியின் எறிதலைத் தடுக்கும்போது பந்தைப் பார்வையாளர் பக்கம் அடித்துத் தள்ளாமல், தம் அணியினர் கைக்கு எட்டும்படி தட்டிவிடுவார். ரீபவுண்டு எடுத்துத் தரையிறங்குமுன்பே பக்கவாட்டில் நிற்கும் கூசியைப் பார்த்திருப்பார். அந்த முதல் பாஸ் எந்தப் பட்டியலிலும் ஏறாது, ஏனெனில் அசிஸ்ட் கூசிக்குப் போய்விடும். ஆனால் செல்டிக்ஸின் ஃபாஸ்ட் பிரேக் (எதிரணி திரும்பித் தற்காக்குமுன் விரைந்து தாக்குவது) தொடங்கியது அதில்தான். பில் வால்டனையும் மறக்காதீர்கள். 1985-86 பருவத்தில் 67 ஆட்டங்களை வென்ற அணியில் அவர் மாற்று வீரராக வந்து, கூடைக்கு எதிரே பந்தை உயர்த்திப் பிடித்து நிற்க, பேர்டு வெட்டி ஓடிப் பந்தைப் பெறுவார். பந்தைத் தட்டி ஓடாமலே ஒரு தாக்குதல் முடிவதைப் பார்க்க விரும்புவோர், துண்டுக் காணொளிகளை விட்டுவிட்டு அந்தப் பருவத்தின் முழு ஆட்டம் ஒன்றையாவது பாருங்கள்.

கேள்வி: ராண்டோவா, கூசியா?

பதில்: கூசி. காரணங்கள் மேலே இருக்கின்றன. தயவுசெய்து படித்துவிட்டுக் கேளுங்கள்.