பியானோவுக்குச் சுருதி சேர்ப்பவரைக் கொல்லலாமா?

அன்புள்ள சார்,

அமெரிக்கக் கத்தோலிக்க ஒழுக்க இறையியல் பற்றிய உங்கள் குறிப்பைப் படித்தேன். 1968-ல் கருத்தடைச் சண்டை வருவதற்கு முன்னால் அங்கே சிந்தனை என்று ஏதாவது இருந்ததா? எது சாவான பாவம், எது அற்ப பாவம் என்று பட்டியல் போட்டதைத் தவிர அந்தப் பழைய சாமியார்கள் என்னதான் செய்தார்கள்?

எம்.

அன்புள்ள எம்.,

பட்டியல் போட்டார்கள், உண்மைதான். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் உட்கார்ந்து மற்றவர்களின் பாவங்களைக் கேட்கப்போகிற இளம் குருக்களுக்காகக் குருமடத்தில் லத்தீனில் நடத்திய பாடம் அது. நீங்கள் இன்னும் கடுமையாகவே கேட்டிருக்கலாம். பிலடெல்பியா ஆயர் பிரான்சிஸ் கென்ரிக் 1841 முதல் 1843 வரை மூன்று தொகுதிகளாக ஒரு பாடநூல் கொண்டுவந்தார். இத்தனை பேர் அடிமைகளாக இருப்பது வருத்தம்தான், ஆனாலும் சட்டத்துக்கு எதிராக எதுவும் செய்யக்கூடாது என்கிறார் அதில். போப் பதினாறாம் கிரகோரி அடிமை வியாபாரத்தைக் கண்டித்து அப்போது சில வருஷம்தான் ஆகியிருந்தது.

ஆனால் அதே பட்டியல் புத்தி நூறு வருஷம் கழித்து வேறொரு வேலை செய்தது. ஜான் ஃபோர்டு என்ற இயேசு சபைக் குரு, 1944 செப்டம்பரில், தன் நாட்டு விமானங்களே ஜெர்மன் நகரங்களைக் கொளுத்திக்கொண்டிருந்தபோது, நகரங்களை மொத்தமாக அழிக்கும் குண்டுவீச்சு பாவம் என்று கட்டுரை எழுதினார். அதில் ஒரு பட்டியல் வருகிறது. விவசாயி, மீனவர், செருப்பு தைப்பவர், பியானோவுக்குச் சுருதி சேர்ப்பவர், டெலிபோன் பெண்கள், கன்னியாஸ்திரிகள், வீட்டு வேலைக்காரர்கள், ஆஸ்பத்திரி நோயாளிகள், கடைசியில் ஏழு வயதுக்கு மேற்பட்ட குழந்தைகள் என்று நூறு வகைக்கு மேல் போகும். இவர்களெல்லாம் போர் செய்கிறவர்களா, இவர்களைக் கொல்லலாமா என்றுதான் அவர் கேட்டார். ஹிரோஷிமாவுக்கு இன்னும் பதினொரு மாதம் இருந்தது.

இனி சொல்வது உங்களுக்குப் பிடிக்காது. 1966-ல் போப்பின் குடும்பக் கட்டுப்பாட்டுக் கமிஷனில் பெரும்பான்மையினர் கருத்தடைக்கு இருந்த தடையில் மாற்றம் வேண்டும் என்றபோது கூடாது என்று நின்றவரும் இதே ஃபோர்டுதான். இரண்டு வருஷம் கழித்து, 1968-ல், போப் ஆறாம் பவுல் ஃபோர்டின் பக்கமே சாய்ந்தார். வாஷிங்டனில் சார்லஸ் கரன் என்ற குரு, இறையியல் பேராசிரியர், அதற்கு எதிராக எழுப்பிய மறுப்பறிக்கையில் அறுநூறு பேருக்கு மேல் கையெழுத்துப் போட்டார்கள். நானாக இருந்தாலும் போட்டிருப்பேன். 1986-ல் கரன் கத்தோலிக்க இறையியல் கற்பிக்கத் தகுதியற்றவர் என்று ரோம் சொல்லிவிட்டது.

ஆனால் ஃபோர்டு இரண்டு இடத்திலும் பிடித்தது ஒரே அளவுகோலைத்தான்: ஒரு செயல் தன்னளவிலேயே தப்பு என்றால், என்ன நல்லது விளைந்தாலும் அது தப்புதான். 1944 ஃபோர்டை வைத்துக்கொண்டு 1966 ஃபோர்டைத் தூக்கிப்போட எனக்கும் ஆசைதான், வழிதான் தெரியவில்லை.

அப்புறம், அவர் குடிநோயிலிருந்து மீண்டவர். குடியை நிறுத்த முடியாதவனுக்கு அந்தக் குடியில் எவ்வளவு பொறுப்பு உண்டு என்று 1951-ல் தனியாக ஒரு புத்தகமே எழுதினார். இந்தச் சாமியாரையும் உங்கள் பட்டியலில் சேர்த்துவிடாதீர்கள்.