ஜப்பானின் ஓட்சு நகரம் கியோத்தோவின் புறநகர்தானா?

கியோத்தோவில் வேலை கிடைத்திருப்பதாகவும், ஓட்சுவில் வீடு பார்க்கும்படி பலர் சொல்வதாகவும், அது வெறும் புறநகர்தானா என்பது தெரிய வேண்டும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். கியோத்தோ நிலையத்தில் ரயில் ஏறினால் ஏறத்தாழ பத்து நிமிடத்தில் ஓட்சுவில் இறங்கிவிடலாம் என்பதால் அப்படித் தோன்றுவது இயல்பே. ஆனால் அந்த ஊரில் மூன்று ஆண்டுகள் குடியிருந்த எனக்கு அதைப் புறநகர் என்று சொல்ல மனம் வரவில்லை.

ஓட்சு, சிகா மாகாணத்தின் தலைநகரம், ஏறக்குறைய 3.4 லட்சம் மக்கள் வாழும் ஊர். பெயரின் பொருள் ‘பெருந்துறை’. ஜப்பானின் மிகப் பெரிய ஏரியான பிவாவின் தென்மேற்குக் கரையில், ஒருபுறம் நீரும் மறுபுறம் ஹியெய், ஹிரா மலைகளும் நெருக்க, நகரம் தெற்கு வடக்காக ஒடுங்கி நீண்டு கிடக்கிறது. 2006இல், மாகாணத்தின் பெயரைப் போலவே ஒலிக்கும் சிகா என்ற சிற்றூர் இணைந்தபோது அது வடக்கே மேலும் நீண்டது. 2009இல், பொதுச் சுகாதார நிலையம் போன்ற மாகாணப் பொறுப்புகளைத் தானே நடத்தும் ‘மைய நகரம்’ என்ற தகுதியைப் பெற்றது.

இந்த ஊரைப் புரிந்துகொள்ள ஒரே ஓர் உண்மை போதும் என்பேன். சுமார் 670 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள பிவா ஏரிக்குள் சிறிதும் பெரிதுமாக நானூறுக்கும் மேற்பட்ட ஆறுகளும் ஓடைகளும் வந்து விழுகின்றன. இயற்கையாக அதிலிருந்து வெளியேறுவதோ செட்டா என்ற ஒரே ஆறுதான், அது புறப்படும் இடம் ஓட்சு. அந்த ஆறே கீழே உஜி என்றும் பின்னர் யோதோ என்றும் பெயர் மாறி ஒசாக்கா விரிகுடாவை அடைகிறது. சுமார் 1.4 கோடிப் பேர் இந்த ஏரி நீரை நம்பி வாழ்கிறார்கள். செட்டா பாலத்தில் விடியற்காலையில் நின்றால், ஏரி எங்கே முடிந்தது, ஆறு எங்கே தொடங்கியது என்று சொல்ல முடியாதபடி நீர் அசையாமல் கிடக்கும். கல்லூரி மாணவர்களின் துடுப்புப் படகுகள் கடந்து சென்ற பிறகுதான் அலை எழும்.

வாசல் ஒன்றே என்பதால் வந்த துன்பமும் பெரிது. 1896 செப்டம்பர் மழையில் ஏரியின் மட்டம் 3.76 மீட்டர் உயர்ந்து கரையோர ஊர்கள் பல மாதங்கள் நீரில் கிடந்தன. ஆற்றை அகலப்படுத்தினால் கரையோரம் தப்பும், ஆனால் கீழேயுள்ள ஒசாக்கா சமவெளி மூழ்கும் என்ற அச்சம் நெடுங்காலம் இருந்தது. 1905இல் நான்கோ என்ற இடத்தில் மதகுகளுடன் அணை எழுந்தது. 1961இல் அதன் அருகே புதியது கட்டப்பட்டது. மழைக்காலத்துக்கு முன்பே ஏரியின் மட்டத்தைத் தாழ்த்தி வைப்பதும், கீழே வெள்ளம் வரும்போது திறப்பைக் குறைப்பதும் இன்றும் அங்கேதான் நடக்கின்றன.

கியோத்தோவோடு உள்ள உறவிலும் கடன்பட்டது கியோத்தோதான். தலைநகரம் தோக்கியோவுக்குப் போனபின் நலிந்த கியோத்தோவை மீட்க, ஓட்சுவிலிருந்து மலையைக் குடைந்து ஒரு கால்வாய் வெட்டினார்கள். அந்தப் பொறுப்பை ஏற்றபோது பொறியாளர் தனாபே சக்குரோ, கல்லூரிப் படிப்பை முடித்துவந்த இளைஞர். 1890இல் முடிந்த அந்தக் கால்வாயின் முதற் சுரங்கம் மட்டுமே 2,436 மீட்டர். குடிநீர், படகுப் போக்குவரத்து, மறு ஆண்டில் கெயாகே மின்நிலையத்தின் மின்சாரம், அதைக் கொண்டு 1895இல் ஓடிய டிராம் என எல்லாம் இந்த நீரால் கியோத்தோவுக்குக் கிடைத்தவை.

வரலாற்றிலும் அப்படியே. 667இல் பேரரசர் தென்ஜி தம் தலைநகரை இங்கே மாற்றினார். 672 உள்நாட்டுப் போரோடு அது முடிந்தது. கியோத்தோவின் பெருமையாகப் பலர் நினைக்கும், ஹியெய் மலைமீதுள்ள என்ரியாக்கு பௌத்தக் கோயிலின் முகவரிகூட ஓட்சுதான்.

இந்த ஊர்மீது எனக்கு மதிப்பு கூடியது சோப்பு இயக்கத்தின் கதையைக் கேட்ட பிறகு. 1977இல் ஏரியில் செம்பாசி பெருகியபோது, பாஸ்பரஸ் கலந்த சலவைத்தூளும் அதற்கு ஒரு காரணம் என்று அறிந்த இல்லத்தரசிகள், அதைக் கைவிட்டுச் சோப்புத் தூளுக்கு மாறும்படி மாகாணம் முழுவதும் வீடு வீடாகச் சொன்னார்கள். 1979இல் மாகாண மன்றம் பாஸ்பரஸ் கலந்த சலவைத்தூளின் விற்பனையையும் பயன்பாட்டையும் தடை செய்தது; மறு ஆண்டு ஜூலை 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. எதிர்வீட்டுப் பாட்டி அந்நாளில் துணி துவைத்த தொட்டியை இன்னும் செடி வைக்கப் பயன்படுத்தி வந்தார். ஏரி நாற்றமெடுத்த அந்தக் கோடையைப் பற்றிப் பேசும்போது குரல் தாழ்ந்துவிடும்.

வீடு பார்ப்பது பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நகரின் ஏரிக்கரைப் பகுதியான ஹமாஓட்சு பக்கம் பார்த்தால், கெய்ஹான் என்ற தனியார் நிறுவனத்தின் நான்கு பெட்டி ரயில், சாலையிலேயே கார்களுக்கு நடுவே ஊர்ந்து வந்து, மலையைக் கடந்து, கியோத்தோவில் சுரங்க ரயிலாக மாறி உங்களை இறக்கிவிடும். வடக்கே, ஏரியின் மேற்குக் கரையோரம் செல்லும் கொசெய் ரயில் தடத்தில் வாடகை குறையும், ஏரி சன்னலுக்குள்ளேயே வந்துவிடும். ஆனால் ஹிரா மலையிலிருந்து இறங்கும் காற்றுக்கு அந்தத் தடத்து ரயில்கள் அடிக்கடி நின்றுவிடும், அலுவலகத்தில் அதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.