ஜிங்கோ மரத்தைத் தோட்டத்தில் நட ஏன் இத்தனை பேர் ஆசைப்படுகிறார்கள்?

முதல் காரணம் இலைதான். சின்ன விசிறி வடிவம், பெரும்பாலும் நடுவில் ஒரு பிளவு. வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், நடுநரம்பே இருக்காது. காம்பிலிருந்து கிளம்பும் நரம்புகள் இரண்டிரண்டாகப் பிரிந்துகொண்டே ஓரம்வரை போகும். இலையுதிர் காலத்தில் மரம் முழுக்க மஞ்சளாகும். அப்புறம் கடும் உறைபனி விழுந்தால் ஒரே நாளில்கூட மொத்தமும் கொட்டிவிடும். டோக்கியோவின் மெய்ஜி ஜிங்கு கையென் சாலையில் அந்த மஞ்சளைப் பார்க்கவே கூட்டம் கூடுகிறது.

உறுதியான மரமும்கூட. பூச்சியும் நோயும் அதிகம் அண்டாது, நகரத்துப் புகையைத் தாங்கும். 1945 அணுகுண்டுக்குப் பிறகு ஹிரோஷிமாவில் சில ஜிங்கோக்கள் மறுபடி துளிர்த்தன. லண்டன் கியூ தோட்டத்தில் 1762இல் நட்ட மரம் இன்றும் நிற்கிறது.

சரி, வாங்கும்போது ஒன்றை மட்டும் கட்டாயம் கவனியுங்கள். இதில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. பெண் மரத்தின் விதையைச் சுற்றியுள்ள சதை கீழே விழுந்து நசுங்கினால் கெட்டுப்போன வெண்ணெய் வாடை குடலைப் புரட்டும். அந்தச் சதையிலும் கெட்டுப்போன வெண்ணெயிலும் இருப்பது ஒரே பியூட்ரிக் அமிலம்தான். விதை போட்டு வளர்த்தால் ஆணா பெண்ணா என்று தெரியவே 20 வருடம் ஆகலாம். அதனால் ஒட்டுக்கட்டிய ஆண் கன்றாகக் கேட்டு வாங்குங்கள். ஆரம்பத்தில் மெதுவாகத்தான் வளரும், பொறுமை வேண்டும்.