ஏற்காட்டுக்கு அனுப்பினால் அடி நின்றுவிடுமா?

கேள்வி: என் மகளுக்கு 17 வயது, பிளஸ் டூ படிக்கிறாள். ஐந்து ரோடு டியூஷனில் பழக்கமான பையன் அவளை அறைந்ததாக அவளுடைய தோழி சொன்னாள். மகள் சரியாகச் சாப்பிடுவதில்லை, மெலிந்துவிட்டாள். போனைப் பிடுங்கி, படிப்பை நிறுத்தி, ஏற்காட்டில் காபி எஸ்டேட்டில் இருக்கும் என் அக்கா வீட்டில் விட்டுவிடலாமா?
– அம்மாப்பேட்டை வாசகி

பதில்: வேண்டாம் அம்மா. அடிக்கிற பையன்கள் பெரும்பாலும் பெண்ணைத் தோழிகளிடமிருந்து பிரித்துவிடத்தான் பார்ப்பார்கள். நீங்களும் அவளை மலையேற்றி விட்டால், அவன் தொடங்கியதை முடித்துக் கொடுத்ததாகிவிடும். அக்காவிடம் மகளுக்கு ஒட்டுதல் உண்டென்றால் அவரைச் சில நாள் இங்கே வரச் சொல்லுங்கள். போனில் மிரட்டல் செய்திகள் இருக்கலாம். கோபத்தில் எதையும் அழித்துவிடாதீர்கள்.

சாப்பாட்டுப் பிரச்சினையைத் தனியாகப் பார்க்காதீர்கள். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பள்ளி மாணவிகளைப் பற்றி 2001இல் வெளியான ஆய்வில், ஏறத்தாழ ஐந்தில் ஒருத்தி, தான் பழகியவனால் அடியோ பாலியல் வன்முறையோ பட்டிருந்தாள். வாந்தி எடுத்தோ மாத்திரை போட்டோ எடையைக் குறைப்பது, போதைப்பழக்கம், கர்ப்பம், தற்கொலை எண்ணம் எல்லாமே இவர்களிடம் அதிகம். எது காரணம், எது விளைவு என்று அந்த ஆய்வால் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் மெலிகிற பிள்ளையை எடை பார்ப்பதோடு விட்டுவிடும் மருத்துவரிடம் எனக்கு உடன்பாடில்லை.

இன்றே, அப்பாவோ அண்ணனோ அருகில் இல்லாதபோது மகளிடம் பேசுங்கள். திட்டாமல் கேளுங்கள். கழுத்தை நெரித்தானா என்பது முதல் கேள்வி. வெளியே தடம் இல்லாவிட்டாலும் உள்ளே காயம் இருக்கலாம். குரல் கம்மினால், விழுங்க வலித்தால், மூச்சு வாங்கினால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

அடுத்தது, உடலுறவு நடந்ததா என்பது. கட்டாயப்படுத்தப்பட்டிருந்தால் 72 மணி நேரத்துக்குள் அவசரக் கருத்தடை மாத்திரையும் எச்.ஐ.வி. தடுப்பு மருந்தும் தொடங்க வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. கெடு தாண்டிவிட்டது என்று வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். கர்ப்பப் பரிசோதனையும் பால்வினை நோய்ப் பரிசோதனையும் அப்போதும் தேவை. சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். எஃப்.ஐ.ஆர். இருந்தால்தான் சிகிச்சை என்று எந்த மருத்துவமனையும் சொல்லக் கூடாது.

ஆனால் ஒன்றை மகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். 18 வயதுக்குக் கீழ் என்பதால், உடலுறவுக்கு அவள் சம்மதித்திருந்தாலும் போக்சோ (சிறார் பாலியல் குற்றத் தடுப்பு) சட்டப்படி மருத்துவர் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். அங்கே போய்த் திடீரென்று தெரியவந்தால் உங்களையும் நம்பமாட்டாள்.

சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்றும் நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. ஆம் என்றால் தனியே விடாமல், வீட்டிலுள்ள மாத்திரைகளையும் பூச்சிமருந்தையும் பூட்டிவிட்டு, அன்றே மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். இரவானால் 14416இல் மனநல ஆலோசனை கிடைக்கும். பையன் மிரட்டினால் குழந்தைகள் உதவி எண் 1098 அல்லது பெண்கள் உதவி எண் 181ஐ அழையுங்கள்.